பழைய நம்பர் 14, புது நம்பர் 31

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் ஒன்று கோயில் திருவிழா வசூலாக இருக்கும், இல்லையென்றால் யார் வீட்டிலோ கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று அர்த்தம். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து, இங்கிருந்தே தினமும் ஓ.எம்.ஆருக்கு வேலைக்குப் போய்வருகிறவன் நான். "சாஃப்ட்வேர்ல இருக்கான்" என்றாலே தெருவுக்கு நான்தான் பிரின்டர் ரிப்பேர், நான்தான் டி.வி. ரிமோட், நான்தான் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிற ஆள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பந்தா பண்ணுகிறான் என்பார்கள்.

கொஞ்ச காலமாகத்தான் எனக்கு நிஜமாகவே தெரிந்த வேலை வருகிறது. பிள்ளைகள் புரோகிராமிங் கற்றுக்கொள்கிறார்கள். பாடம் ஆரம்பிப்பதற்கு முன்னால் மெஷின் தயாராக வேண்டும் அல்லவா, அந்த இடத்திலேயே பாதிப் பேர் நொந்துபோகிறார்கள். 'நமக்கு மண்டையில் ஏறாது' என்று ஒரு பிள்ளை முடிவுகட்டுவது பெரும்பாலும் முதல் வரி கோடு எழுதுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

போன மாதம் வந்தவள், இரண்டு வீடு தள்ளி வாசலில் இட்லிக் கடை போடும் அக்காவின் மகள். பி.சி.ஏ. இரண்டாம் வருடம்.

"அண்ணா, நெட்டே சரியில்லண்ணா. போன்ல வருது, சிஸ்டத்துல வர மாட்டேங்குது. கேபிள் அண்ணா மூணு வாட்டி வந்து பாத்துட்டாரு."

அக்கா சீட்டு எடுத்த பணத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் அது. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ராம். இந்த மாதிரி மெஷின்கள் இப்போது மலிவாகக் கிடைக்கக் காரணம் உண்டு. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆபீஸ்கள் கழித்துக்கட்டியதெல்லாம் நம் வீடுகளுக்கு வருகிறது. படிக்கிற பிள்ளைக்கு இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும். ஒருநாள் உட்கார்ந்து, விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸான உபுண்டு போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் செய்யவில்லை.

போய்ப் பார்த்தேன். பிரௌசரைத் திறந்தால் எந்தத் தளமும் வரவில்லை, பாதுகாப்பில்லை என்கிறது. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்கு ஏதாவது பேக்கேஜ் (யாரோ எழுதிவைத்த ரெடிமேட் கோடு) இறக்கப் போனால் கருப்புத் திரையில் சிவப்பு எழுத்துகளாகக் கொட்டுகிறது. கேபிள் அண்ணா ஒயரை மாற்றியிருக்கிறார், ஜாக்கை வெட்டிப் புதிதாக அடித்திருக்கிறார், கடைசியில் ரவுட்டரையே மாற்றியிருக்கிறார். பாவம் மனுஷன், "இதுக்கு மேல இன்னா பண்றதுன்னு தெர்ல" என்று அந்த மாதக் காசைக்கூட வாங்காமல் போய்விட்டாராம்.

நான் செய்தது, அந்தச் சிவப்பு எழுத்தை முழுசாகப் படித்ததுதான். கடைசி வரியில் இருந்த விஷயத்தைத் தமிழில் சொன்னால்: 'சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.' இன்னும் தொடங்கவில்லையா? திரையின் வலது மூலையில் தேதியைப் பார்த்தேன். 2016 ஜனவரி 1.

பாதுகாப்பான இணையத் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று போட்டிருக்கும். சில சான்றிதழ்களுக்கு 90 நாள்தான் ஆயுள். 2016-இல் உட்கார்ந்திருக்கும் மெஷினுக்கு இன்றைய சான்றிதழ் எல்லாமே எதிர்காலத்துச் சரக்கு. நம்பாது. போனுக்கு நேரம் டவரிலிருந்து வந்துவிடுகிறது, அதனால் அதே ரவுட்டரில் போன் ஒழுங்காக ஓடுகிறது. பிரௌசர்கூடக் 'கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று எழுதித்தான் காட்டியிருக்கிறது. வைரஸோ என்று பயந்து அவள் ஒவ்வொரு முறையும் மூடியிருக்கிறாள்.

மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று பெயர், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய ஆபீஸில் இந்த மெஷின் ராத்திரி பகலாக பிளக்கிலேயே கிடந்திருக்கும். ஷட்டவுன் செய்தாலும் பிளக்கிலிருந்து வரும் கரண்டிலேயே கடிகாரம் ஓடிவிடும், பேட்டரி செத்தது யாருக்கும் தெரியாது. நம் வீட்டில் அப்படியா? படுக்கப் போகும்போது அக்கா சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுவார், இரண்டு மாத பில்லை நினைத்து. காலையில் மெஷின் விழித்தால் 2016. விண்டோஸ் தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் நாளில் சாயங்காலம் எல்லாம் ஓடும், செய்துகொள்ளாத நாளில் ஓடாது. வந்து வந்து போகிற காய்ச்சலைத்தான் கண்டுபிடிக்க முடியாது.

வாட்ச் கடையில் பேட்டரி கேட்டால் ஐந்து சேர்ந்த அட்டையாகத்தான் தருவேன் என்றார். வாங்கினேன். ஒன்றைப் போட்டேன், விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங்கில் தேதியை வைத்தேன், முடிந்தது. மிச்சம் நான்கு என் மேஜை இழுப்பறையில்.

ஆனால் அவள் விடவில்லை. "நெட் வந்துடுச்சுண்ணா, பைத்தான் வரலண்ணா."

இங்கே எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னையில் வீட்டுக்கு இரண்டு நம்பர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடு பழைய நம்பர் 14, புது நம்பர் 31. பழைய நம்பர் 31 தெருக்கோடியில் இருக்கிறது, அங்கே ஒரு தாத்தா. நான் ராத்திரி ஆர்டர் செய்த பிரியாணியில் எத்தனையோ அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. பிரியாணி கொண்டுவரும் பையன் மேல் தப்பே இல்லை. 31 என்று கேட்டான், 31 என்று எழுதிய கதவு முதலில் கண்ணில் பட்டது, கொடுத்துவிட்டான்.

கம்ப்யூட்டரில் 'பாத்' என்பது இதுதான். நீங்கள் டெர்மினலில், அதாவது கமாண்ட் அடிக்கிற அந்தக் கருப்பு ஜன்னலில், 'பைத்தான்' என்று அடித்தால், அதற்குக் கொடுத்திருக்கும் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகப் போய்த் தட்டும். அந்தப் பெயரில் எவன் முதலில் கதவைத் திறக்கிறானோ அவனோடு முடிந்தது தேடல். பட்டியலில் உங்கள் தெருவே இல்லையென்றால், பைத்தான் வட்டில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாலும் 'அப்படி ஒரு கமாண்டே கிடையாது' என்று பதில் வரும். பைத்தான் இன்ஸ்டால் ஆகும் முதல் திரையின் அடியில் பாத்தில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் இல்லாமல். அதைக் கவனிக்காமல் 'நெக்ஸ்ட் நெக்ஸ்ட்' என்று போகிறவர்கள்தான் பத்துக்கு ஒன்பது பேர். அதோடு விண்டோஸில் பைத்தான் பெயரிலேயே ஒரு டம்மி ஆள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பான். நிஜமான பைத்தான் பட்டியலில் இல்லாதபோது அவன்தான் கதவைத் திறந்து ஆப் ஸ்டோர் பக்கம் கையைக் காட்டுவான். இவள் ஸ்டோரிலிருந்தும் ஒன்றை இறக்கியிருந்தாள். ஆக, ஒரே மெஷினில் இரண்டு பைத்தான்.

பாத்தில் சேர்த்தோம். அப்போதும் வரவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. திறந்திருந்த கருப்பு ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கச் சொன்னேன், வந்துவிட்டது. டெர்மினல், தான் திறக்கப்பட்ட நேரத்தில் இருந்த பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கும். பிறகு நீங்கள் பட்டியலை மாற்றினால் அதற்குத் தெரியாது. கோடு எழுதும் எடிட்டரான வி.எஸ். கோடுக்குள் இருக்கும் டெர்மினலுக்கு இன்னும் ஒரு படி: வி.எஸ். கோடையே முழுக்க மூடித் திறக்க வேண்டும், ஏனென்றால் பட்டியல் அதனிடமிருந்துதான் வருகிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் மெஷினுக்கு ஃபார்மட் போட்டவர்களை எனக்குத் தெரியும். நம் ஊரில் ஃபார்மட் என்பது கஷாயம் மாதிரி, எல்லா வியாதிக்கும்.

அப்புறம் அடுத்தது. பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று, அதை இறக்கித் தரும் பிப் சொல்கிறது, புரோகிராமை ஓட்டினால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. அதே 31-தான். பிப் ஒரு பைத்தான் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டது, ஓடுவது இன்னொன்று. நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: எந்த பைத்தான்? பழைய கமாண்ட் பிராம்ட்டில் 'வேர் பைத்தான்' என்று அடித்தால் எத்தனை இருக்கின்றன, எது முதலில் என்று வரிசையாகக் காட்டும். லினக்ஸில் 'விச்'. விண்டோஸிலேயே உள்ள இன்னொரு கமாண்ட் ஜன்னலான பவர்ஷெல்லில் வெறும் 'வேர்' என்று அடித்தால் ஒன்றுமே சொல்லாது, அங்கே அந்தப் பெயருக்கு வேறு வேலை. 'வேர் டாட் இ.எக்ஸ்.இ.' என்று முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிட வேண்டும். நானே இதில் ஒருமுறை அரை மணி நேரம் தொலைத்திருக்கிறேன். பிப்பைத் தனியாக அழைக்காமல் பைத்தான் வழியாக, 'பைத்தான் ஹைஃபன் எம் பிப்' என்று அழைத்தால் பொருள் சரியான வீட்டுக்குப் போகும். அதைவிட நல்லது, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒரு தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது தனி பைத்தான் வீடு, வைத்துக்கொள்வது. புது உபுண்டுவில் சிஸ்டம் பைத்தான் மேலேயே பிப் போட வந்தால் மறுத்துவிடுகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது சரிதான் என்று தோன்றுகிறது.

காசிமேட்டுத் தம்பி ஒருவன் கதை வேறு. அப்பாவுக்கு விசைப்படகில் வேலை. இவன் ஆண்ட்ராய்டு ஆப் செய்ய வேண்டும், மீன் ஏல விலையை வாட்ஸ்அப்பில் தேடாமல் ஒரே இடத்தில் பார்க்கிற மாதிரி. நல்ல யோசனை. லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போட்டதும் ஃபோல்டர் பாதை சரியில்லை என்று எச்சரிக்கை. பார்த்தால், விண்டோஸ் கணக்குக்கு அழகாகத் தமிழில் தன் பெயரை வைத்திருக்கிறான். அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் உருவாகி, டூல்கள் தடுமாறுகின்றன. தமிழில் வலைப்பதிவு எழுதுகிற நான் அவனிடம் "பேரை இங்கிலீஷ்ல வைப்பா" என்று சொன்னபோது தொண்டையில் ஏதோ சிக்கியது. ஆங்கிலத்தில் வைத்தாலும் நமக்கு இன்னொரு வம்பு உண்டு, இனிஷியல். படிவம் நிரப்பிப் பழகிய கை, முதலில் இனிஷியல், ஒரு இடைவெளி, அப்புறம் பெயர் என்று போட்டுவிடும். நடுவில் இடைவெளி இருந்தால் சில டூல்கள் பாதையை அங்கேயே வெட்டிக்கொண்டு பாதிப் பெயரைத் தேடும். பிறகு கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. புதுக் கணக்கு ஒன்றைத் திறப்பதுதான் சுலபம். திறந்தான்.

அடுத்து, லேப்டாப்புக்குள்ளேயே போன் மாதிரி ஓடும் எமுலேட்டர் எழவில்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யு.வைத் தொட்டால் 'வெர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அவனுடையதில் அது அணைந்திருந்தது. ஒரு மெஷினுக்குள் இன்னொன்றை ஓட்டும் அந்தத் திறமை பிராசஸருக்கு இருக்கிறது, பயாஸில் பூட்டி வைத்திருக்கிறார்கள். மெஷின் விழிக்கும்போது எஃப்2 அல்லது எஃப்10 அல்லது டெலீட், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை அழுத்தி உள்ளே போய் இன்டெல் என்றால் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். என்ற பெயரில் இருப்பதைத் திறந்துவிட வேண்டும். திறந்தோம். எமுலேட்டர் எழுந்தது, லேப்டாப் படுத்துவிட்டது. இருப்பது 8 ஜி.பி. ஸ்டூடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 இருந்தால்தான் மூச்சு விடலாம்.

"கையில போன் இருக்குல்ல, அதுல ஓட்டுப்பா" என்றேன். போன் செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யு.எஸ்.பி. டீபக்கிங்கை ஆன் செய்ய வேண்டும். செய்தான். லேப்டாப் போனைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவர் போட்டோம், ரீஸ்டார்ட் செய்தோம், ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால் கேபிள். சாதாரண யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள், இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. நடைபாதையில் வாங்கிய மலிவு கேபிள்கள் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. சார்ஜ் ஏறும், பேச்சு வராது. என் கேபிளை மாட்டினதும் போன் 'அனுமதிக்கவா' என்று கேட்டது. ஒரு மணி நேரம் டிரைவர் தேடியது நான்தான் என்பதை அவன் தெருவில் சொல்லிவிட்டான்.

போர்ட் என்பது ஒரு புரோகிராம் நெட்டில் பேச வந்து நிற்கும், நம்பர் போட்ட வாசல். ஒரு வாசலில் இருவர் நிற்க முடியாத பிரச்சினையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. தண்ணி லாரி வருவதற்கு முன்னால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறோம் இல்லையா? குடம் இடம் பிடித்திருக்கிறது, ஆள் இல்லை. முந்தாநாள் நீங்கள் ஓட்டிவிட்டு ஜன்னலைச் சிறிதாக்கி மறந்துபோன சர்வர்தான் அந்தக் குடம். 3000-ஆம் போர்ட்டில் அது நிற்கிறது, புதிதாக வரும் உங்கள் புரோகிராமுக்கு இடம் இல்லை. 'நெட்ஸ்டாட்' கமாண்டில் யாருடைய குடம் என்று பிராசஸ் எண்ணைப் பார்த்து நிறுத்தலாம், இல்லை 3001-க்குப் போகலாம். குடத்தைத் தள்ளிவைத்தால் சண்டை வருமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 3306-இல் நிற்பது மை எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸாக இருக்கும், உங்களுக்குத் தேவைப்படுவதாகவும் இருக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த எரர் ஒன்று உண்டு. விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை (கமாண்டுகளை வரிசையாக எழுதிய ஃபைல்) லினக்ஸில் ஓட்டினால், அதை ஓட்ட வேண்டிய, கண்ணெதிரே இருக்கும் 'பாஷ்' இல்லை என்று சாதிக்கும். உற்றுப் பார்த்தால் பாஷ் என்ற பெயரின் வாலில் கூரைக் குறியும் ஒரு 'எம்'மும் ஒட்டியிருக்கும். இதை நான் என் அம்மாவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அம்மா கல்யாணத்துக்கு முன் வண்ணாரப்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்து லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். டைப்ரைட்டரில் ஒரு வரி முடியப்போகும்போது மணி அடிக்கும், வரி முடிந்ததும் இடது பக்கக் கைப்பிடியைத் தள்ள வேண்டும். அப்போது இரண்டு வேலை நடக்கிறது: தாள் ஒரு வரி மேலே ஏறுகிறது, வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. விண்டோஸ் இன்றைக்கும் வரி முடிவில் அந்த இரண்டையும் தனித்தனி எழுத்தாக எழுதுகிறது, ஆஸ்கி எண்ணில் 13-உம் 10-உம். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும், அந்த 13-ஐப் பெயரின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்கிறது. வி.எஸ். கோடில் கீழே வலது பக்கம் சி.ஆர்.எல்.எஃப். (13, 10 இரண்டும்) என்றிருப்பதைத் தொட்டு எல்.எஃப். (10 மட்டும்) ஆக்கிச் சேமித்தால் சரி. அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் கைப்பிடியை இன்னும் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

கோடைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், ஏற்கவில்லை என்று மாதம் ஒருவராவது வருவார்கள். கமாண்ட் வழியாக பாஸ்வேர்டு கொடுப்பதை 2021 ஆகஸ்ட் 13-இலேயே நிறுத்திவிட்டார்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக அந்தத் தளம் தரும் டோக்கன் வேண்டும், அல்லது நம் மெஷினில் உருவாக்கிய எஸ்.எஸ்.எச். சாவி. பழைய வீடியோ பார்த்துப் படித்தால் இப்படித்தான். வீடியோவின் தேதியைப் பாருங்கள் என்பதைத் தவிர சொல்ல வேறில்லை.

எரரை அனுப்பும் விதம் பற்றியும் புலம்பிவிடுகிறேன். மானிட்டரைச் சாய்வாக ஒரு போட்டோ, ட்யூப்லைட் வெளிச்சம் சரியாக எரர் மேலேயே அடிக்கும், கூடவே "அண்ணா இது இன்னாண்ணா?" எழுத்தாகக் காப்பி செய்து முழுசாக அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறேன். எந்த வரி முக்கியம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். பைத்தானில் கடைசி வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும். சி நிரலைக் கம்பைல் செய்யும்போது முதல் எரர்தான் நிஜம், கீழே உள்ள நாற்பதும் அதன் பிள்ளைகுட்டிகள். ஜாவாவில் நீளமாகக் கொட்டினால் 'காஸ்டு பை' என்று தொடங்குவதில் கடைசியைத் தேடுங்கள். இட்லிக் கடை அக்காவின் மகள் இப்போதெல்லாம் எழுத்தாகத்தான் அனுப்புகிறாள். போன வாரம் ஒன்று அனுப்பிவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே, "ரெண்டு பைத்தான் இல்லண்ணா, ஒண்ணுதான், பாத்துட்டேன்" என்று அடுத்த மெசேஜையும் அனுப்பியிருந்தாள். அது வேறு பிரச்சினை. எனக்கே இரண்டு நாள் ஆனது.

இந்த மாதம் ஐந்தாம் தேதி கேபிள் அண்ணா காசு வாங்க வந்தார். கொடுத்தேன், ரசீது கொடுத்தார். பார்த்தால் தேதி 2012 ஜனவரி 1.

"அண்ணே, நான் இன்னும் காலேஜே சேரல போலிருக்கே."

"அத ஏன் கேக்குற தம்பி. ஆபீஸ் சிஸ்டத்துல டெய்லி காலைல அப்டித்தான் காட்டுது. ஃபார்மட் போட்டா சரியாயிடும்னான் ஒரு பையன், போட்டும் பாத்துட்டேன்."

உள்ளே போய் இழுப்பறையைத் திறந்தேன். அட்டையிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பொண்ணு ஊட்ல...?"

"ஆமாண்ணே."

"நான் ரவுட்டரையே மாத்திக் குத்தேனேப்பா!" என்றவர், அப்படியே இட்லிக் கடைப் பக்கம் நடந்தார், விட்டுப்போன மாதக் காசைக் கேட்க.